நுனிப் பழமும் அப்டேட் மாப்பிள்ளையும்

தேனி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையிலோ, சின்னமனூர் செல்போன் கடை வாசலிலோ, உத்தமபாளையத்துப் பாலத்துச் சுவரிலோ அப்டேட் மாப்பிள்ளையைப் பார்க்கலாம். வயது பதினேழுக்கும் இருபத்தேழுக்கும் நடுவில் எங்கோ நின்றுபோயிருக்கும். திரையில் வியர்வை படாமலிருக்க இரண்டு கட்டைவிரல்களிலும் மெல்லிய துணி உறை. மோதிரம் போடவேண்டிய வயசில் விரலுக்குச் சட்டை போட்டுத் திரிகிறானே என்று அவன் அப்பத்தாவுக்குக் கவலை. டீ ஆறுவதற்குள் ஒரு நிறுவனத்தைக் கிழித்துக் காயப்போட்டுவிடுவான். “போன வருசமே தாரேன்னான் மாப்ள. இப்ப அடுத்த வருசங்கிறான். நம்மளப் பாத்தா எப்படித் தெரியுது அவனுக்கு?” என்று அவன் ஆரம்பித்தால், பக்கத்தில் பன் தின்பவர் ஏதோ சீட்டுப்பணத் தகராறு என்றே நினைப்பார். பேச்சு நியூயார்க்கில் இருக்கும் ராக்ஸ்டார் என்ற வீடியோ கேம் நிறுவனத்தைப் பற்றியது. அதன் ஜிடிஏ விளையாட்டில் ஐந்தாவது வந்தது 2013 செப்டம்பரில். ஆறாவதன் முதல் முன்னோட்டம் 2023 டிசம்பரில் வந்து ‘2025’ என்றது. அது 2026 மே 26 ஆயிற்று. பிறகு 2026 நவம்பர் 19 ஆயிற்று. இதில் விசேஷம், அந்த விளையாட்டு அறிவிக்கப்பட்டது பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் பெட்டிகளுக்கு மட்டும். மாப்பிள்ளை வீட்டில் இருப்பதோ பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த மடிக்கணினி. எருமை வாங்குமுன் நெய்விலை பேசுவதைப் பெரியவர்கள் கேலி செய்தார்கள். இவன் எருமையே இல்லாமல் நெய் வரத் தாமதம் என்று பஞ்சாயத்தைக் கூட்டுகிறான்.

அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் காத்திருப்பதும் கறுவுவதும் பரம்பரைச் சொத்து. மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயிலை 2010 டிசம்பர் கடைசியில் நிறுத்தினார்கள், அகலப்பாதை ஆக்கித் தருகிறோம் என்று. தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதம்; போடிக்கு 2023 ஜூன். ரயில் வந்ததும் மாலை போட்டார்கள், இனிப்புக் கொடுத்தார்கள். இனிப்பை மென்றுகொண்டே கேட்ட கேள்வி: “கம்பத்துக்கு எப்ப? குமுளிக்கு எப்ப?” விளையாட்டு உலகில் இதற்குப் பெயர் டி.எல்.சி. மூல விளையாட்டு வந்த பிறகு தனியாக இறக்கிக்கொள்ளும் கூடுதல் பகுதி அது. பெரும்பாலும் தனிக் காசு. மாநில அளவிலும் மாப்பிள்ளைக்கு முன்னோர் உண்டு. 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் எல்லைக்கோட்டருகே நின்ற இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் மொயீன் அலியிடம் ரசிகர்கள் ‘வலிமை’ படத்துக்கு அப்டேட் கேட்டார்கள். படத்தின் நாயகன் அஜித்தே அறிக்கை விட்டுப் பொறுமை காக்கச் சொல்ல நேர்ந்தது. படம் 2022 பிப்ரவரியில்தான் வந்தது. மாப்பிள்ளை விரலில் உறை மாட்டியதொன்றே இந்தப் பரம்பரையில் புதுசு.

ஆனால் பழத்தோட்டத்தின் நடுவே வளர்ந்தவன் பழுப்பதைப் பற்றிய அடிப்படைப் பாடத்தைக் கோட்டை விட்டதுதான் ஆச்சரியம். பள்ளத்தாக்கில் வாழையும் உண்டு, திராட்சையும் உண்டு. வாழைத்தாரைக் காயாகவே வெட்டலாம். மூட்டம் போட்டால் பழுத்துவிடும். திராட்சை அப்படியில்லை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சையாகவே இருக்கட்டும், கொடியிலிருந்து வெட்டிய நிமிடத்தோடு அதன் இனிப்பு நின்றுபோகும். புளிப்பாக வெட்டினால் கூடையிலும் புளிப்பு, சந்தையிலும் புளிப்பு. ஆகவே கவாத்து வெட்டி ஏறக்குறைய நான்கு மாதம் கொடியின் இஷ்டத்துக்கு விட்டாக வேண்டும். விளையாட்டு ஒரு காலத்தில் திராட்சை ஜாதி. குறுந்தட்டில் அச்சடித்துக் கடைக்குப் போனால் போனதுதான், திருத்த வழியில்லை. இணையம் வந்ததும் அதை வாழையாக்கிவிட்டார்கள். காயாக வெட்டு, காசை வாங்கு, பிறகு திருத்தக் கோப்பு அனுப்பி அனுப்பிப் பழுக்க வை. சில இடங்களில் தொழிலாளரை இரவு பகலாக உட்கார வைத்து வேலை வாங்குகிறார்கள். நம்மூர் மண்டியில் அதற்குச் சரியான பேச்சு இருக்கிறது: கல் வைத்துப் பழுக்க வைப்பது. தோல் மஞ்சள், உள்ளே கட்டை. தேதி தள்ளிப்போகிறது என்றால், யாரோ ஒருவர் அதை இன்னும் திராட்சையாக மதிக்கிறார் என்று அர்த்தம். மாப்பிள்ளை சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. அங்கேதான் அவனுக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது.

“அப்படியா? சைபர்பங்க் கதை தெரியுமா?” என்று அவன் மடக்குவான், மடக்க வேண்டியதுதான். சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டு வருவதாகச் சொன்னது 2020 ஏப்ரலில். அது செப்டம்பராகி, நவம்பராகி, டிசம்பர் 10 ஆயிற்று. மூன்று தடவை தள்ளியும் வந்தது காய். பிழைகள் கொட்டியதில் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதைத் தூக்கியது. 2021 ஜூனில்தான் திரும்பச் சேர்த்தது. டியூக் நியூகெம் ஃபாரெவர் இன்னும் மோசம்: 1997இல் அறிவித்து 2011இல் வந்து, இதற்கா இத்தனை வருசம் என்று பேர் வாங்கியது. தள்ளிப்போட்டால் தானாக இனிக்கும் என்பது பொய்யே. கொடியில் நாள்பட்டால் அழுகவும் செய்யும். ஆனால் இந்த உதாரணங்கள் மாப்பிள்ளைக்குச் சாட்சி சொல்லவில்லை. சைபர்பங்கில் தேதி மூன்று தரம் நகர்ந்தது, ஆனாலும் அந்த வருசக் கடைசிக்குள் வந்தேயாக வேண்டும் என்ற கட்டாயம் நகரவே இல்லை. தாமதம் போதாமல் கெட்ட பழம் அது. பழுத்ததா என்று பார்க்கத் தேதி உதவாது என்பதைத்தான் இரண்டும் காட்டுகின்றன. மாப்பிள்ளை கேட்கிற ஒரே கேள்வியோ தேதி.

“நான் கஸ்டமர், கேட்க உரிமை இல்லையா?” என்பது அடுத்த வாதம். உரிமை காசு கொடுத்தவனுக்கு. ஜூன் முதல் தேதி பெரியாற்றுத் தண்ணீர் திறப்பார்களா என்று கம்பம் பள்ளத்தாக்கு விவசாயி கேட்கிறார் என்றால், 14,707 ஏக்கர் இருபோக நெல் அதை நம்பி நிற்கிறது. திறப்பு தள்ளிப்போனால் நாற்றங்கால் காயும். ஜிடிஏ தள்ளிப்போனால் மாப்பிள்ளைக்குத் தொண்டை தவிர எதுவும் காயப்போவதில்லை. 2016இல் நோ மேன்ஸ் ஸ்கை விளையாட்டு ஜூனிலிருந்து ஆகஸ்டுக்குப் போனதற்கு அதை உருவாக்கிய ஷான் மர்ரிக்குக் கொலை மிரட்டல் வந்தது. இரண்டே மாதம்! பதினோரு வருசத்துக்கு மேல் ரயிலுக்குக் காத்திருந்த ஆண்டிபட்டிக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். நியாயமாகக் கோபப்படக்கூடிய தாமதமும் இருக்கிறது. ஃப்ரீ ஃபயர் இந்தியா என்ற செல்போன் விளையாட்டு 2023 செப்டம்பர் 5 வரும் என்று தோனியை முன்னால் நிறுத்திச் சொன்னார்கள். முந்தின நாள், சில வாரம் தள்ளிவைக்கிறோம் என்றார்கள். அந்தச் சில வாரம் 2024 முழுக்க ஓடியும் முடியவில்லை. அது தாமதம் என்ற கணக்கில் சேராது, வாய்தா.

இவ்வளவு ரோஷக்காரன் டி.எல்.சி. விஷயத்தில் பசுவாகிவிடுவது விந்தை. 2006இல் ஆப்லிவியன் விளையாட்டில் குதிரைக்குக் கவசம் இரண்டரை டாலர் என்று விற்றார்கள். உலகமே சிரித்தது, திட்டியது; திட்டியவர்களில் பலர் வாங்கவும் செய்தார்கள். பரோட்டாவுக்குச் சால்னா தனிக்காசு என்று ஒரு கடைக்காரர் சொல்லிப் பார்க்கட்டும், மாப்பிள்ளை இலையைக் கவிழ்த்துவிட்டு எழுந்திருப்பான். அதுவே விளையாட்டில் துப்பாக்கிக்குப் பூப்போட்ட சட்டை என்றால் ஒரு தேய்ப்பில் வாங்கிவிடுகிறான். காசு கேட்காத தாமதத்துக்குச் சண்டை, காசு கேட்கிற கவசத்துக்குச் சலாம். இதற்காகக் கூடுதல் பகுதி எல்லாமே கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. ஹாலோ நைட் விளையாட்டுக்கு ஒரு கூடுதல் பகுதியாகத் தொடங்கியதுதான் சில்க்சாங். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு சின்னக் குழு. வேலை வளர்ந்துகொண்டே போகவே 2019இல் தனி விளையாட்டு என்று அறிவித்தார்கள். ஆறு வருசத்துக்கு மேல் உலகத்து மாப்பிள்ளைகள் எல்லாம் கிண்டலும் புலம்பலுமாகக் கிடந்தார்கள். 2025 செப்டம்பர் 4 அன்று அது வந்தபோது வாங்க விழுந்த கூட்டத்தில் இணையக் கடைகளே திணறிப்போயின. புலம்பியவர்கள்தான் வரிசையில் முதலில் நின்றார்கள்.

ஆக, மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது பொறுமை பற்றிய உபதேசம் கிடையாது; அது டீக்கடைப் பலகையில் எழுதியிருப்பதுபோல் யாரும் படிக்காதது. தோட்டத்தில் திராட்சை வாங்க வருகிற வியாபாரியைப் பார்த்தால் போதும். அவர் கவாத்து வெட்டிய தேதியைக் கேட்டுவிட்டு அதை நம்பிவிட மாட்டார். கொத்தின் தோளில் கறுத்து மினுங்கும் பழத்தையும் தொடமாட்டார். முன்னோட்டக் காணொளிகள் அந்தத் தோள்பழங்கள்தான். கொத்தைத் திருப்பி, கடைசியில் பழுக்கிற நுனிப் பழத்தைக் கிள்ளி வாயில் போடுவார். அது இனித்தால்தான் கை மடிக்குப் போகும். விளையாட்டு வந்து ஒரு வாரம் மற்றவன் ஆடட்டும், அதுவரை முன்பதிவு வேண்டாம் என்பதே நுனிப் பழம் கிள்ளுவது. மாப்பிள்ளை இதைக் கேட்டுத் தலையாட்டுவான். ஆட்டி முடித்துவிட்டு, உறை போட்ட கட்டைவிரலால் திரையைத் தேய்த்தபடி கேட்பான்: “சரிண்ணே… அந்த ஒரு வாரம் எப்ப ஆரம்பிக்கும்?”