காணிப்பாக்கம் வந்து சத்தியம் பண்ணத் தயாரா?

"தண்ணீர் குடித்தாலே உடம்பு ஏறுகிறதே, ஏன்?" என்று போன இதழில் ஒருவர் கேட்டிருந்தார். "எந்தக் கடைத் தண்ணீர்?" என்று மூன்றே வார்த்தை எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். அதன் பலன், இந்த வாரம் வந்த தபாலையே தராசில் வைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இந்த இதழ் முழுக்க உடம்பு. மாமியார் கேள்விகள் அடுத்த இதழில்.

*

நானும் அண்ணனும் ஒரே வீடு, ஒரே சட்டி, ஒரே களி. அவன் பூசணிக்காய், நான் முருங்கைக்காய். இது என்ன நியாயம்?
— ‘முருங்கைக்காய்’, புத்தூர்

ஒரே சட்டி என்கிறீர்கள், சரி. ஒரே அகப்பை என்று எழுதவில்லையே! போகட்டும், இரண்டு பேருக்கும் ஒரே அளவு களி, ஒரே அளவு நாட்டுக்கோழிப் புலுசு என்றே வைத்துக்கொள்வோம்.

கனடாவில் குளோட் பூஷார் என்ற விஞ்ஞானி இதைச் செய்தே பார்த்துவிட்டார். அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் 12 ஜோடி இரட்டையர்களைக் கூட்டி வந்தார். எல்லாரும் இளவட்டம். வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் நாளுக்கு 1000 கலோரி, வாரத்துக்கு ஆறு நாள், மொத்தம் 100 நாள் ஊட்டினார். நம்மூர்ப் பாட்டிகள் கோடை விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளை வைத்து வருஷா வருஷம் செய்கிற ஆராய்ச்சிதான். பாட்டிகள் கட்டுரை எழுதவில்லை, அவர் 1990இல் எழுதினார். ஒருவருக்கு 4 கிலோ சொச்சம்தான் ஏறியது, இன்னொருவருக்கு 13 கிலோவைத் தாண்டியது. வேடிக்கை என்னவென்றால், ஒரே ஜோடிக்குள் ஏறக்குறைய ஒரே அளவு ஏறியிருந்தது. தம்பிக்குத் தொப்பை விழுந்தால் அண்ணனுக்கும் தொப்பை. ஆக, போட்டதில் எவ்வளவு ஒட்டும் என்பதில் பெரும்பங்கு நாம் பிறப்பதற்கு முன்பே எழுதியாகிவிட்டது.

ஒட்டாதது எங்கே போனது? 1999இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 16 பேருக்கு இதே 1000 கலோரியை எட்டு வாரம் கொடுத்து, உடம்பில் சேர்ந்த கொழுப்பை அளந்தார்கள். ஒருவருக்கு அரைக் கிலோகூட இல்லை. இன்னொருவருக்கு 4 கிலோவுக்கு மேல். யாரும் தண்டால் எடுக்கவில்லை. சேராதவர்கள் தங்களுக்கே தெரியாமல் கூடுதலாக ஆடிக்கொண்டிருந்தார்கள்: காலை ஆட்டுவது, உட்கார்ந்த இடத்தில் நெளிவது, சும்மாவே எழுந்து நடப்பது. "சும்மா இருக்க மாட்டியா?" என்று வீட்டில் திட்டு வாங்குகிற ஜாதி.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில் ஏழு பிள்ளையார் சுழி, இரண்டு பூ, ஒரு ரயில் வண்டி வரைந்திருக்கிறீர்கள். அண்ணன் கடிதமே எழுதவில்லை, உங்களை எழுதச் சொல்லியிருக்கிறார். போதுமா?

காலையில் வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் இளைக்குமா?
— ஒரு வாசகி, நகரி

தேன் பாட்டில் இளைக்கும்.

மாம்பழம் சாப்பிட்டால் சதை போடுமா?
— ‘தோத்தாபுரி’, சித்தூர்

பழமாகச் சாப்பிடுகிறவர் விஷயத்தில் அளவைப் பொறுத்தது. கூழாக்கி டின்னில் அடைத்து விற்கிறவர் நிச்சயம் கொழுப்பார்.

எதற்கெடுத்தாலும் ‘பரம்பரை’ என்று சொல்லித் தப்பிக்கிறார்கள். பரம்பரையில் அப்படி என்ன இருக்கிறது?
— ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், பலமனேர்

பலமனேரில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி? உங்கள் ஊர்க் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் புங்கனூர்ப் பசு நிற்கிறது, போய்ப் பாருங்கள். உயரம் 70இலிருந்து 90 சென்டிமீட்டர், உங்கள் சாய்வு நாற்காலி உயரம். பக்கத்தில் ஓங்கோல் காளையைக் கட்டி, இரண்டுக்கும் ஒரே தொட்டியில் ஒரே தவிட்டைப் போட்டாலும் புங்கனூர் ஓங்கோல் ஆகாது. அதுவாவது உயரம். பாலைக் கேளுங்கள்: நாளுக்கு ஐந்து கிலோ தீவனத்தைக் கொறித்துவிட்டு, சுமார் 8 சதவீதக் கொழுப்போடு பால் தரும். சாதாரணப் பசும்பாலில் மூன்று, நான்கு சதவீதம்தான். தின்றதைப் பார்த்துக் கொழுப்பைக் கணக்குப் போட்டால் கணக்கு வாத்தியாரே தப்பாகத்தான் போடுவார்.

மனுஷனுக்கு வருவோம். ஒரே ஒரு குண்டு ஜீன் என்று எதுவும் கிடையாது. நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு சிட்டிகை. 2007இல் கண்டுபிடித்த எஃப்.டி.ஓ. என்பது அதில் கொஞ்சம் பெரிய சிட்டிகை. அதை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வாங்கி வந்தவர்கள், வாங்காதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல். அது பெரும்பாலும் பசியில்தான் கை வைக்கிறது. பரம்பரைச் சொத்தாக வருவது சதை இல்லை வாத்தியாரே, பசி.

"எங்கள் தாத்தாவுக்கும் அதே ஜீன்தானே, அவர் ஏன் பனைமரமாக நின்றார்?" என்று அடுத்த கடிதம் போடுவீர்கள். தாத்தா காலத்தில் முக்குக்கு முக்கு பேக்கரி இல்லை.  

ஐயா, நான் காலையில் இரண்டு இட்லி, ராத்திரி இரண்டு சப்பாத்தி, அவ்வளவுதான். எடை மட்டும் குறையவே மாட்டேன் என்கிறது.
— ஒரு குடும்பத்தலைவி, திருப்பதி

காணிப்பாக்கம் வந்து சத்தியம் பண்ணத் தயாரா அம்மா?

கோபிக்காதீர்கள். கொடுத்த கடனை இல்லை என்கிறவன்கூட, "வா, காணிப்பாக்கம் குளத்தில் முழுகிப் பிள்ளையார் முன்னால் சொல்" என்றதும் பாதி வழியில் பணத்தை எண்ணி வைப்பான் என்பது நம் ஜில்லா அனுபவம். நியூயார்க்கில் பிள்ளையார் வசதி இல்லாததால் ரசாயனத்தை வைத்துக் கண்டுபிடித்தார்கள். 1992இல் வந்த ஆய்வு. "நாளுக்கு 1200 கலோரிக்கு மேல் நான் தொடுவதில்லை, ஆனாலும் இளைக்கவில்லை" என்றவர்கள் நிஜமாகவே எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று அளந்தால், 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள். உடம்பை அசைத்ததை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள். இத்தனைக்கும் யாரும் வேண்டுமென்று பொய் சொன்ன மாதிரி இல்லை. ஞாபகம்தான் பொய்க் கணக்கு எழுதியிருக்கிறது.

உங்கள் பட்டியலில் விட்டுப்போனதை நான் சொல்லட்டுமா? சின்னவன் தட்டில் மிச்சம் வைத்த அரை தோசை, "வீணாய்ப் போகுதே" கணக்கு. உப்பு பார்த்த சட்னி. மூணு டீ. டீக்குத் துணை. எதிர்வீட்டில் கொடுத்த திருமலைப் பிரசாதம், "வேண்டாம்னு சொல்லக் கூடாது" கணக்கு. இவை எதுவும் தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை, அதனால் சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. எங்கள் வீட்டிலும் இதே கணக்குப்பிள்ளைதான்.

எனக்குத் தைராய்டாக இருக்குமோ?
— ‘சந்தேகம்’, ஸ்ரீகாளஹஸ்தி

ரத்தப் பரிசோதனைக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தைராய்டு குறைந்து ஏறுவது பெரும்பாலும் சில கிலோதான். 25 கிலோ பழியை அதன்மேல் போட வேண்டாம்.

நாற்பது தாண்டினால் உடம்பு கலோரி எரிப்பதைக் குறைத்துவிடுகிறது, அதனால்தான் தொப்பை. சரிதானே?
— ‘நாற்பத்தி மூன்று’, சந்திரகிரி

நானும் ரொம்ப நாள் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 2021இல் சயன்ஸ் இதழில் 29 நாடுகளின் 6400 பேரை, கைக்குழந்தையிலிருந்து 95 வயதுவரை, அளந்து எழுதி மண்ணைப் போட்டுவிட்டார்கள். 20இலிருந்து 60வரை அடுப்பு ஒரே மாதிரிதான் எரிகிறதாம். 60க்கு மேல்தான் மெல்லத் தணிகிறது. எனக்கு அந்தச் சாக்கு உண்டு. உங்களுக்கு இன்னும் பதினேழு வருஷம் இருக்கிறது.

அலிபிரியிலிருந்து நடந்தே திருமலைக்கு ஏறினால் எத்தனை கிலோ குறையும்?
— பெங்களூரு பக்தர்

பெங்களூருக்காரர்தான் இதைக் கேட்பார். ஏறும்போது "கோவிந்தா" சொல்வதை விட்டுவிட்டு மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிற கூட்டம். என் அத்திம்பேரும் அதில் ஒருவர். வழியில் காலிகோபுரம் வந்ததும் எல்லாரும் கும்பிட்டார்கள், அவர் நாடி பார்த்தார்.

கணக்குப் போடுவோம். படிகள் 3550. உயரம் சுமார் 700 மீட்டர். 70 கிலோ ஆசாமி இந்த உடம்பை அவ்வளவு உயரம் தூக்கிப்போகவும், நடுவில் சமதளத்தில் நடக்கவும் கூட்டிக் கழித்து ஏழெட்டு நூறு கலோரி ஆகும். வழக்கமான லட்டு ஒன்று 175 கிராம். கடலைமாவு, சர்க்கரை, நெய், முந்திரி. கஞ்சத்தனமாக மதிப்பிட்டாலும் 700 கலோரி. ஆகவே 3550 படியும் ஒரு லட்டும் சரிக்குச் சரி, பெருமாள் யாருக்கும் கடன் வைக்கவில்லை. ஏறுகிற வழியில் மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்க் கீற்று, மேலே போய் இரண்டு காபி, இறங்க பஸ், பையில் ஆறு லட்டு என்றால், அது குபேரனிடம் வாங்கிய கடன் மாதிரி. வட்டிதான் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கிலோவை விட்டுவிட்டு ஏறுங்கள். மூச்சும் முழங்காலும் நன்றாகும்.

லட்டில் கலோரி பார்ப்பது பாவமில்லையா?
— கோபக்கார வாசகர், ரேணிகுண்டா

மேலே எழுதிய கையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

எடைக்கு எடை வெல்லம் தருவதாக மகனுக்குத் துலாபாரம் வேண்டிக்கொண்டேன். அப்போது அவனுக்கு மூன்று வயது. இன்னும் செலுத்தவில்லை. இப்போது பத்தாவது படிக்கிறான்.
— கலங்கிய தகப்பன், கார்வேட்டிநகரம்

அரிசி மண்டியிலும் கறிக்கடையிலும் எடை ஏறினால் விற்கிறவனுக்கு லாபம். மனுஷ உடம்பு ஏறினால் ஆதாயம் அடைகிறவர் உலகத்திலேயே ஏழுமலையான் ஒருவர்தான். அவர் ஏன் அவசரப்படப் போகிறார்? நீங்கள்தான் அவசரப்பட வேண்டும். பையன் மூணு வயதில் பதினாலு கிலோ இருந்திருப்பான். இன்னும் தாமதித்தால் இன்டர் சேர்ந்து, ஹாஸ்டல் போய், ராத்திரி பதினொரு மணிக்கு எக் ஃபிரைட் ரைஸ் பழகிக்கொள்வான். வெல்ல மண்டிக்காரர் உங்களைப் பார்த்துச் சிரிக்கும் நாள் அது. வேண்டுதலுக்கு முன்பாகப் பையனைப் பட்டினி போடலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். பெருமாளிடம் தராசில் விளையாடுகிற முதல் ஆள் என்ற பெயர் உங்களுக்கு வேண்டாம்.

நான் சிறு வயதிலிருந்து ஒல்லி. 58 கிலோ. எனக்குப் போய்ச் சர்க்கரை என்கிறார் டாக்டர். ஒல்லியானவனுக்கு எப்படி வரும்?
— நெசவாளர், நகரி

இந்த மாதிரிக் கேள்விக்கு நான் சட்டையை மாட்டிக்கொண்டுதான் பதில் எழுதுவேன்.

எடை பார்க்கும் மெஷின் மூட்டை எத்தனை கிலோ என்று சொல்லும். உள்ளே பஞ்சா, நெல்லா என்று சொல்லாது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்கள் தங்கள் படத்தையே பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். ஒருவர் புனேயின் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனின் யட்கின். உயரத்துக்கு எடை என்கிற பி.எம்.ஐ. கணக்கில் இருவரும் 22.3, ஒரு புள்ளி வித்தியாசமில்லை. உடம்பில் கொழுப்பை அளந்தால் யட்கினுக்கு 9.1 சதவீதம், நம் யாஜ்னிக்குக்கு 21.2. இருவரும் வெளியே ஒல்லி, உள்ளே ஒருவர் மட்டும் குண்டு. நம்மில் மிகப் பலர் யாஜ்னிக் கட்சி.

இது தொட்டிலிலேயே தெரிகிறது. புனே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. குறைந்த அந்த எடையில் சதைதான் அதிகம் குறைந்திருந்தது, தோலுக்கடியில் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. பசியோடு சுமந்த தாயின் வயிற்றில், பிள்ளை சதையை விட்டுக்கொடுத்துக் கொழுப்பைப் பிடித்துக்கொள்கிறது போல.

தாது வருஷப் பஞ்சம் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். 1876இலிருந்து 78வரை. அப்போது நம் பகுதி சென்னை மாகாணத்தில் இருந்தது. ரிச்சர்ட் டெம்பிள் என்ற துரை வந்து, நிவாரண வேலையில் கல் உடைக்கிறவனுக்கு ஒரு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கூலியைக் குறைத்தான். அந்தப் பசிதான் நம் உடம்பைச் சேமிக்கப் பழக்கியதா என்று விஞ்ஞானிகள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் அதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. நீங்கள் செய்ய வேண்டியது இது: மெஷினை விட்டுவிட்டு, தையற்காரர் டேப்பால் இடுப்பை அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால் ஒல்லிக்கும் கவலைதான். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, இது எல்லாருக்கும். முயற்சியே பண்ணாமல் ஒருவர் இரண்டு, மூன்று மாதத்தில் கடகடவென்று இளைத்தால் "சூப்பரா இளைச்சுட்டே" என்று பாராட்டாதீர்கள். சர்க்கரை, காசநோய், தைராய்டு கூடியது, அதைவிடப் பெரியது எதுவாகவும் இருக்கலாம். ரூயா ஆஸ்பத்திரியோ, ஸ்விம்ஸோ, வேலூரோ, பஸ் ஏறச் சொல்லுங்கள்.

மூன்று வரன் தட்டிப்போய்விட்டது. "பொண்ணு கொஞ்சம் பூசினாப்பல இருக்கா, மனசு வெச்சா குறைக்கலாமே" என்கிறார்கள். நான் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன் சார். சத்தியம் பண்ணக்கூடத் தயார்.
— பெயர் வேண்டாம்

உன்னிடம் சத்தியம் கேட்க மாட்டேன் அம்மா.

‘மனசு வைத்தால்’ என்கிறவர்களுக்கு ஒரு கதை. 1997இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் டாக்டர்கள் ஒரு சிறுமியைப் பற்றி எழுதினார்கள். எட்டு வயது, 86 கிலோ. எந்நேரமும் பசி. பெற்றவர்கள் வளர்த்த லட்சணம் என்று ஊர் பேசியிருக்காதா? ரத்தத்தைப் பார்த்தால், "போதும், வயிறு நிறைந்தது" என்று மூளைக்குச் சொல்கிற லெப்டின் என்ற ஹார்மோனே உடம்பில் உருவாகவில்லை. அதை ஊசியாகக் கொடுத்தார்கள். பசி அடங்கியது, எடை இறங்கியது. பிள்ளையின் மனசு முன்னும் அதே மனசு, பின்னும் அதே மனசு. அந்தக் குறை ரொம்ப அபூர்வம், உனக்கு அது என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று வேளையும் கவலையில்லாமல் சாப்பிட்டு ஒல்லியாக இருக்கிறவனுக்கு மனவலிமை என்று பட்டம் கொடுக்காதே. அவனுக்குப் பசி சத்தம் போடுவதில்லை, அவ்வளவுதான். மாதவிலக்கு முறை தவறினால் மட்டும் டாக்டரைப் பார், அதற்கும் எடைக்கும் சம்பந்தம் இருக்கலாம்.

நாலாவது வரன் வந்தால் காணிப்பாக்கத்தில் பெண் பார்க்கச் சொல். அங்கே பிள்ளையார் வளர்ந்துகொண்டே இருக்கிறார் என்பது நம்பிக்கை. பல பத்தாண்டுகளுக்கு முன் பக்தர் செய்து கொடுத்த வெள்ளிக் கவசம் இன்று அவருக்குச் சேருவதில்லை என்று காட்டுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது, நீ பக்கத்தில் நில். ஒன்றும் பேசாதே.

இளைக்க ஊசி வந்துவிட்டதாமே?
— ‘அவசரம்’, சித்தூர்

வந்துவிட்டது. அதில் ஒன்று 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் போடுங்கள். வாட்ஸ்அப்பில் சித்தப்பா அனுப்பினால் போடாதீர்கள்.

ஊரார் உடம்பையெல்லாம் இவ்வளவு அலசுகிறீரே, உம்முடைய எடை என்ன?
— பழைய வாசகர், திருத்தணி

68.

காணிப்பாக்கத்துக்குக் கூப்பிட்டால், 81.