பொருள்: அட்டவணைகளைக் கையால் ஒட்டுதல் – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக

அனுப்புநர்: டி.டி.பி. கடைக்காரர், தெற்கு மாட வீதி, திருவான்மியூர்.

பெறுநர்: மேலாளர் அவர்கள். (அலுவலகத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் ஒருவருக்குத்தான் கோபம் வரும். விட்டுவிட்டால் பலருக்கும் பொருந்தும்.)

பார்வை: ‘அலுவலகக் கணினிகளில் மேக்ரோ இயக்கக் கூடாது’ என்னும் தங்கள் சுற்றறிக்கை. நாள் மங்கிவிட்டது.

ஐயா / அம்மையீர்,

பார்வையில் காணும் சுற்றறிக்கையை இன்றுவரை திரும்பப் பெறாததற்கு முதற்கண் நன்றி. என் கடை வாடகையில் பாதி அதிலிருந்துதான் போகிறது.

மாதம் பிறந்ததும் தங்கள் பிரிவுகள் ஆளுக்கொரு வேர்டு கோப்பு அனுப்புகின்றன. எல்லாவற்றையும் ஒரே அட்டவணையாக்கி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். தங்கள் உதவியாளர் பென் டிரைவோடு படியேறுகிறார். “அண்ணே, தொகுப்பு அறிக்கை. மூணு மணிக்குள்ள வேணும்.” காப்பி, பேஸ்ட், காப்பி, பேஸ்ட். கட்டணம் பக்கக் கணக்கு.

மேக்ரோ வழியாக வைரஸ் வரும் என்று தாங்கள் பயந்தது வீண் பயமில்லை. 1999 மார்ச்சில் மெலிசா என்னும் மேக்ரோ வைரஸ், திறந்தவரின் முகவரிப் பட்டியலில் முதல் ஐம்பது பேருக்குத் தன்னைத்தானே அஞ்சல் செய்துகொண்டது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோவை 2022-இல் மைக்ரோசாப்டே தானாகத் தடுக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் இந்தக் காப்பி-பேஸ்ட் வேலையைத் தானாகச் செய்ய, தங்கள் எழுத்தர் தன் கணினியிலேயே உட்கார்ந்து எழுதும் பத்து வரி மேக்ரோ எங்கிருந்தும் வந்ததல்ல. அதை ஆபத்து என்று தள்ளிவிட்டு, ஊரார் பென் டிரைவ் எல்லாம் செருகப்படும் என் கணினியில் அலுவலகக் கோப்பைச் செருகுகிறீர்கள். தங்கள் பாதுகாப்புக் கொள்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அந்தப் பத்து வரி என்ன செய்யும் என்று யாரும் கேட்டுவிடவில்லை, அதற்கும் நன்றி. வேர்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் இரண்டு அட்டவணைகளைப் பிரித்து வைப்பது நடுவில் உள்ள ஒரு வெற்று என்டர். அதை அழித்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். (ஏதாவது ஒன்றுக்குச் சுற்றிலும் எழுத்து ஓடும்படி அமைப்பு வைத்திருந்தால் ஒட்டாது, முதலில் அதை எடுக்க வேண்டும்.) மேக்ரோ, கடைசி அட்டவணையிலிருந்து மேல்நோக்கி நடந்து, இடையில் வெற்று என்டர் மட்டும் இருந்தால் அழித்துக்கொண்டே போகும். மேலிருந்து தொடங்கினால், ஒவ்வொன்றும் ஒட்ட ஒட்ட அட்டவணைகளின் எண்ணிக்கை குறைந்து கணக்கு தவறும். லிப்ரே ஆபீஸில் அடுத்தடுத்த இரண்டு அட்டவணைகளை இணைக்க மெனுவிலேயே வழி உண்டு. மொத்த வேலையும் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். எனக்குத்தான் நஷ்டம்.

நல்லவேளையாக, தங்கள் பிரிவுகள் என்னைக் கைவிடவில்லை. ஒரு பிரிவு ஆறு பத்தி அனுப்பினால் அடுத்தது ஏழு அனுப்புகிறது. கூடுதல் பத்தியின் தலைப்பு ‘குறிப்பு’, உள்ளே ஒன்றுமில்லை. ஒவ்வொன்றிலும் வ.எண் மறுபடி 1. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ‘மொத்தம்’. ஒரு பிரிவு வானவில் எழுத்துருவிலும் இன்னொன்று யூனிகோடிலும் தட்டுகிறது. அரசு யூனிகோடை ஏற்ற 2010-ஆம் ஆண்டு வானவில் பிரிவுக்கு இன்னும் பிறக்கவில்லை. ஒருவர் அழகுக்காக மேலும் கீழுமான கட்டங்களைச் சேர்த்து ஒரே கட்டமாக்கியிருப்பார். அந்த அட்டவணையில் வரிசை வரிசையாகப் போக முடியாது என்று மேக்ரோ பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும். இன்னொருவர் அட்டவணையைத் தாளில் எழுதி, போட்டோ எடுத்து, கோப்பில் ஒட்டி அனுப்புகிறார். அவருக்கு எந்த மேக்ரோவும் கிடையாது, நான்தான்.

இணைப்பது நம் ஊருக்குத் தெரியாத வித்தையும் அல்ல. 2011-இல் 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி என 42 உள்ளாட்சிகளைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். 174 சதுர கிலோமீட்டர் 426 ஆனது. அப்போது பழைய 155 வார்டுகளை அப்படியே விட்டுவிட்டுப் புதியதை அடியில் ஒட்டவில்லை. பழையதை 107 ஆகத் திருத்தி வரைந்து, புதிய பகுதிகளுக்கு 93 கொடுத்து, 200 ஆக்கினார்கள். புதிதாகச் சேர்ந்த கொட்டிவாக்கத்துக்குப் போனதும் வார்டு எண் மறுபடி 1 என்று தொடங்கவில்லை. அதில் குறை சொல்ல நிறைய உண்டு, ஆனால் ஒட்டுவதற்கு முன்னால் கட்டம் போட்டார்கள். தாங்கள் ஒரு வெற்றுப் படிவத்தை எல்லாப் பிரிவுக்கும் அனுப்பி, ‘பத்தியைத் தொடாதே, மொத்தம் போடாதே, யூனிகோடில் தட்டு’ என்று மூன்று வரி எழுதினால் என் பிழைப்பு அன்றே போச்சு. மேக்ரோ அதற்கப்புறம்தான்.

இங்கிருந்து ரயில் நிலையத்துக்குப் போனால், 2000-இல் திறந்த டைடல் பார்க் கண்ணெதிரே நிற்கிறது. அங்கே உலகத்துக்கே மென்பொருள் எழுதுகிறார்கள். அவர்களில் யாராவது தங்களுக்கு உறவாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை விருந்தில் இந்தப் பேச்சை எடுக்காமலிருக்க வேண்டுகிறேன். அலுவலகம் இன்னும் கொஞ்ச காலம் காத்திருக்கட்டும்; வான்மீகி முனிவரைப் போலப் புற்று மூடும்வரை காத்திருப்பது, அவர் பெயர் தாங்கிய எங்கள் வான்மீகி நகர்ப் பக்கத்தில் புதிதல்ல.

ஆகவே, சுற்றறிக்கையை நீக்க வேண்டாம். நீக்கித்தான் ஆக வேண்டும் என்றால் மார்ச் மாதம் கழித்து நீக்குங்கள். ஆண்டிறுதித் தொகுப்பு அறிக்கைகளை நம்பிப் புதுப் பிரிண்டருக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடைக்காரர்