மூன்றடி மெக்ஸிகோ

மீன் வளர்ப்பவர்களுக்குள்ளும் மேல்படி, கீழ்ப்படி உண்டு. ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒற்றை ஃபைட்டரை விட்டு வைத்திருப்பவர் கீழ்ப்படி. வாஸ்துவுக்காக அரவானா வளர்ப்பவர் அடுத்த படி. மீன் சாப்பிட்டதா என்பதைவிட அது எந்த மூலையைப் பார்த்து நிற்கிறது என்பதுதான் அவர் கவலை. அதற்கும் மேலே ‘பிளான்டட் டேங்க்’ கோஷ்டி. கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர், செடி வெட்ட வளைந்த கத்தரிக்கோல், பேச்சுக்குப் பேச்சு ஜப்பானியர் தகாஷி அமானோவின் பெயர் என்று இவர்கள் தனி உலகத்தில் இருப்பார்கள். இத்தனை பேரையும் உச்சிப்படியில் நின்று பார்த்துப் பரிதாபப்படுகிறவர் ஒருவர் உண்டு. அவர்தான் பயோடோப்காரர்.

பூமியில் எங்கோ ஓர் ஓடை. அந்த ஓடையில் உள்ள மீன், செடி, கல், சருகு இவற்றை மட்டும் கொண்டு, அந்த ஓடையின் தண்ணீர்க் குணத்தோடு, அதில் மூன்றடியை ஹாலில் அமைப்பதற்குப் பெயர் பயோடோப். பக்கத்து ஓடைச் செடி ஒன்று நுழைந்தாலும் தீட்டு. “அவங்க வளர்க்கறது தோட்டம் சார். நான் வெச்சிருக்கறது ஆறு” என்பார் நம்மவர். ஆறு என்பதால் அழகாக இருக்கவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. அடியில் சேறு, ஓரத்தில் மக்கிய இலை, கண்ணாடியில் பாசி. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, “தொட்டி கழுவி ரொம்ப நாளாச்சா?”

நம்மவர் தேர்ந்தெடுத்த ஓடை, மெக்ஸிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் தெவுச்சித்லான் என்ற சிற்றூரில் ஊற்றாகக் கிளம்புவது. பெரம்பூரில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறார். ரேஷன் கடை எந்தத் தெருவில் என்று கேட்டால் மனைவியைப் பார்ப்பார். தெவுச்சித்லானில் ஊற்று எங்கே, ஊருக்கு மேலே வட்ட வட்டமாகப் பழைய பிரமிடுகள் எங்கே, டெக்கீலா எரிமலை எந்தப் பக்கம் என்று கேளுங்கள், காபி ஆறும்வரை சொல்வார். அந்த ஓடையில் வாழ்ந்த ‘அமேகா ஸ்ப்லென்டென்ஸ்’ என்ற மீன்தான் அவர் தொட்டியில். விரல் நீளம், உடம்பில் வெள்ளி மினுக்கு, ஆண்மீனின் வாலில் கருப்புப் பட்டை, அதன் விளிம்பில் மஞ்சள். வீட்டில் பாட்டிக்கு அது ‘அமெரிக்கா மீன்’. திருத்திப் பார்த்துவிட்டு, கண்டம் சரிதான் என்று விட்டுவிட்டார்.

குட்டி போடும் மீன் என்று யாராவது சொன்னால் போதும், கேட்பவர், “ஓ, கப்பியா?” என்பார். நம்மவர் முகம் அப்போது போகிற போக்கைப் பார்க்கவேண்டும். கப்பி என்பது மாநகராட்சியே கொசுப்புழுவைத் தின்னச் சாக்கடையில் விடும் சாமானியன். இவருடையது மெக்ஸிகோவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத துணைக்குடும்பம். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவார்: “1971-ல ராபர்ட் ரஷ் மில்லரும் ஃபிட்ஸ்சைமன்ஸும் சேர்ந்துதான் இதுக்குப் பேர் வெச்சாங்க...” விஷயம் தெரிந்தவர்கள் 1971 என்றதுமே செருப்பைத் தேடுவார்கள்.

தொட்டி அமைத்த கதை தனி. கொளத்தூரில் ஒரு கடைக்காரர், நல்ல மனிதர், ஜாவா ஃபெர்ன் எடுத்துக் காட்டினார். “ஜாவா எங்கே இருக்கு, மெக்ஸிகோ எங்கே இருக்கு?” என்றார் இவர். அனுபியாஸ் வந்தது. “ஆப்பிரிக்கா.” கடைசியில் கடைக்காரர் பெரிய மனது பண்ணி, “கூட ஒரு சக்கர் போட்டுக்கோங்க சார், கண்ணாடியை நக்கி நக்கிச் சுத்தமா வெச்சுக்கும்” என்று சொல்லிவிட்டார். சக்கர் மீன் தென்னமெரிக்காக்காரன். அதைவிட முக்கியமாக, பாசியைத் தின்பவன். பாசி அமேகாவின் சாப்பாடு. அன்று அந்தக் கடையில் நடந்த சொற்பொழிவை, தீனி வாங்க வந்த நாலு பள்ளிக்கூடப் பையன்கள் இன்னும் நடித்துக் காட்டுகிறார்கள்.

செடியில் அவருக்குக் கைகொடுத்தது ஹார்ன்வொர்ட். வேர் இல்லாமல் மிதக்கும் இந்தப் பாசிச்செடி உலகம் முழுக்க இருக்கிறது, மெக்ஸிகோவிலும் இருக்கிறது, நம் ஊர்க் குளத்திலும் இருக்கிறது. ஐம்பது ரூபாய்க் கட்டு ஒன்றில் சர்வதேசச் சிக்கல் தீர்ந்தது. சருகுக்குத்தான் திண்டாட்டம். முதலில் தெருமுனை நாட்டு வாதுமை மரத்தடியில் இலை பொறுக்கினார். மீன்காரர்கள் எல்லோரும் அதைத்தான் போடுவார்கள். பாதிப் பை நிறைந்தபிறகு, அது ஆசிய மரம் என்று ஞாபகம் வந்து, பொறுக்கியதைப் பொறுக்கிய இடத்திலேயே கொட்டினார். பிறகு யோசித்ததில் கொய்யா அகப்பட்டது. கொய்யா அமெரிக்க வெப்பமண்டலத்துப் பிறப்பு, மெக்ஸிகோவில் ஏராளம். எதிர்வீட்டில் கொய்யாமரம் இருந்தது. காய்க்கும் காலத்தில் போய் நின்று, “பழம் வேண்டாம், கீழே விழுந்த இலை மட்டும் போதும்” என்று கேட்டார். அந்த வீட்டம்மாள் அன்றிலிருந்து கேட்டைத் தாழ் போட்டுக்கொண்டுதான் இவரிடம் பேசுகிறார்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அதிர்ஷ்டசாலி. இந்த மீன்களுக்குக் கடினத் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும். சென்னை போர் தண்ணீரில் பக்கெட் வெள்ளை பூத்துப் போகிறது, தலைமுடி கொட்டுகிறது, பருப்பு வேகவில்லை என்று அபார்ட்மென்டே புலம்பும்போது, இவர் ஒருவர்தான் குழாயடியில் மீட்டரைத் தோய்த்து எண்ணைப் பார்த்துப் பூரித்துப் போகிறவர். மொத்தக் கட்டடத்துக்கும் சாஃப்ட்னர் போடலாம் என்று அசோசியேஷன் கூட்டத்தில் தீர்மானம் வந்தபோது எதிர்த்து விழுந்தது ஒரே ஓட்டு. யாருடையது என்று செயலாளர் விசாரிக்கவே இல்லை.

செயலாளருக்கு அவர்மேல் ஏற்கெனவே வேறொரு சந்தேகம். அமேகாவின் பங்காளி ஒன்று அதே ஓடையில் உண்டு. ‘ஸூகோனெட்டிகஸ் டெக்கீலா’ என்று பெயர். எரிமலையை ஒட்டி வைத்த பெயர்தான், பாட்டிலை ஒட்டி அல்ல. ஆனால் லிஃப்டில் ஒரு மனிதர் போனில், “டெக்கீலா கிடைக்குதா? சத்தியமா? ரெண்டு ஜோடி போதும், ராத்திரி வண்டியில தெர்மாகோல் பெட்டியில போட்டு அனுப்பிடுங்க, வெளியில யாருக்கும் சொல்லாதீங்க” என்று பேசினால், பக்கத்தில் நிற்பவர் என்ன நினைப்பார்? செயலாளர் கண்ணியமானவர். மறுநாள் காலை நடைப்பயிற்சியில், தன் மைத்துனர் எப்படி அந்தப் பழக்கத்திலிருந்து மீண்டார் என்பதைப் பொதுவாகச் சொல்வதாகச் சொல்லி வைத்தார்.

சித்திரை வந்தால் அந்த வீட்டில் சட்டங்கள் மாறும். தொட்டித் தண்ணீர் முப்பது டிகிரியைத் தாண்டியதும் ஹாலில் இருக்கும் டேபிள் ஃபேன் தொட்டிப் பக்கம் திரும்பிவிடும். தண்ணீர்ப் பரப்பில் காற்று ஓடினால் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி குறையும் என்பது பௌதிகம். அந்த ஃபேனை நம்பி உட்கார்ந்திருந்த மாமனாருக்கு வியர்ப்பதும் பௌதிகம்தான். மின்சாரம் போனால் இன்வெர்ட்டரில் முதல் உரிமை ஃபில்டருக்கு. இரண்டாவது ஏர் பம்ப்புக்கு. மூன்றாவது பையனின் கம்ப்யூட்டருக்கா, பெண்ணின் அறைக்கா என்று அவர்களுக்குள் தகராறு நடக்கும், அதில் தலையிடமாட்டார்.

இவ்வளவு கட்டுக்காவலிலும் ஒருநாள் அசம்பாவிதம் நடந்தது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு அந்தப் பாசி பிடித்த கண்ணாடி கண்ணில் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஐயா ஆபீஸ் போன நேரத்தில் புது நாரை எடுத்து, நாலு பக்கமும் உட்புறம் வெளிப்புறம் என்று தேய்த்து, பளிங்காக்கிவிட்டார். சாயங்காலம் வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் தொட்டிமுன் உட்கார்ந்தார். மாதக்கணக்கில் விளக்கை ஏற்றி இறக்கி வளர்த்த பாசி. அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “இப்பத்தான் சார் உள்ள மீன் இருக்கறதே தெரியுது” என்றார். வீட்டில் மற்ற எல்லோரும் அப்போது ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்கள், தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

இனப்பெருக்கக் காலத்தில் நம்மவர் மருத்துவச்சி ஆகிவிடுவார். கப்பி மாதம் ஒரு பிரசவம் பார்க்கும். அமேகாவுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மாதம். தினசரி காலண்டரில் பென்சிலால் குறித்து வைப்பார். தங்கைக்கு எந்த மாதம் என்று கேட்டபோது, “ஆறா... எட்டா?” என்று திணறியவர், தொட்டியில் நாலு பெண்களுக்கும் நாள் சொல்வார். குட்டி பிறந்ததும் டார்ச்சும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு எல்லோரையும் எழுப்புவார். இதில் அவர்மேல் குற்றம் சொல்லமாட்டேன். பார்க்க வேண்டிய காட்சிதான். இந்த இனத்துக் குட்டிகள் தாயின் வயிற்றுக்குள் முட்டைக்கருவை மட்டும் நம்பி இருப்பதில்லை. வயிற்றடியில் நாடா நாடாவாகச் சில இழைகள் வளர்ந்து, அவற்றின் வழியாகத் தாயிடமிருந்தே ஊட்டத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறந்த குட்டி அந்த நாடாக்களை இழுத்துக்கொண்டே நீந்தும்; ஓரிரு நாளில் சுருங்கி மறையும். மீனுக்குத் தொப்புள்கொடி! அதனால்தான் குட்டிகள் கப்பிக் குட்டிகளைவிடப் பெரியவை, எண்ணிக்கையில் குறைவு.

சிக்கல் என்னவென்றால், இதை அவர் நவராத்திரிக்கு வருகிறவர்களிடமும் சொல்வார். கொலுவைப் பார்க்க வந்த மாமியை நைசாகத் தொட்டிப் பக்கம் திருப்பி, கப்பிப் பெண் ஒரு தடவை கூடினால் விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் குட்டி போடும், இது அப்படியில்லை, ஒவ்வொரு ஈற்றுக்கும் புதிதாகச் சேரவேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். மாமி சுண்டலைப் பாதியில் வைத்துவிட்டு, இன்னும் நாலு வீடு பாக்கி என்று எழுந்துவிட்டார்.

சிரிக்கிறோம். ஆனால் இந்த ரகத்து ஆட்கள் இல்லாவிட்டால் அந்த டெக்கீலா மீனே இன்று இல்லை. அணை, சாக்கடை, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்கள் எல்லாம் சேர்ந்து தெவுச்சித்லானில் அதைத் துடைத்துவிட்டன. அது மிச்சமிருந்தது ஐரோப்பாவில் சிலர் வீட்டுத் தொட்டிகளிலும் உயிரியல் பூங்காக்களிலும்தான். 1998-இல் இவான் டிப்பிள் என்ற இங்கிலாந்து மீன்தொட்டிக்காரர் ஐந்தே ஐந்து ஜோடிகளை மெக்ஸிகோவின் மிச்சோவாகானா பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். செஸ்டர் உயிரியல் பூங்கா உதவியது. பல்கலைக்கழகத்தார் அவற்றை வருஷக்கணக்கில் பெருக்கி, சுமார் 1,500 மீன்களைப் பிறந்த ஊற்றிலேயே விட்டார்கள். அவை அங்கே பிழைத்துப் பெருகிவிட்டன என்று 2021-இல் அறிவிப்பு வந்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் ‘ஸூகி’ என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்களாம். நம்மவருக்கு அந்தச் செல்லப்பெயர் பிடிக்கவில்லை. முழுப்பெயர் சொல்வதில் என்ன கஷ்டம் என்கிறார்.

வெளியிலிருந்து வந்த மீன்கள் என்றேன். மத்திய மெக்ஸிகோ நீர்நிலைகளுக்குள் அப்படி வந்தவற்றில் திலேப்பியாவும் ஒன்று. நம் ஊர் ஜிலேபி. சேதி தெரிந்த நாளிலிருந்து நம்மவர் மார்க்கெட்டில் வேறு மீன் வாங்குவதில்லை. வஞ்சிரம் கேட்டு வீட்டில் குரல் எழும்பும்போதெல்லாம் ஜிலேபிதான் வரும். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரம் வரிசையாக வைத்து, சாவகாசமாகச் சாப்பிடுவார். பழி.

குட்டிகள் பெருகியபோது இலவசமாகத் தருவதாகச் சொன்னார். வாங்க வந்தவர்களை விசாரித்த விதம், பெண் கொடுக்கிறவர் மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கும் விதம். உங்க தண்ணியில கடினம் எவ்வளவு? தொட்டி எத்தனை அடி? வெயில் காலத்துக்கு என்ன ஏற்பாடு? இதே குடும்பத்து மீன் ஏற்கெனவே வீட்டுல இருக்கா, எந்த ஓடை? “சம்ப்புல விடலாம்னு சார், கொசு அதிகமா இருக்கு” என்ற ஒருவர் படியிறங்கிப் போன வேகம் இன்னும் பேசப்படுகிறது. இப்படி வடிகட்டியதில் யாருமே தேறவில்லை. குட்டிகள் வளர்ந்தன. வளர்ந்த ஆண்கள் ஒன்றையொன்று துரத்தி வாலைக் கடித்தன. வேறு வழியில்லாமல் இருபதைப் பையில் கட்டிக்கொண்டு கொளத்தூருக்கே போனார்.

பழைய கடைக்காரர் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “கலர் கம்மி சார். ஓடாது.” கொஞ்சம் யோசித்தார். “வேணும்னா ஃபீடரா எடுத்துக்கறேன். அரவானாவுக்குப் போடலாம். கிலோ கணக்குதான்.”

நம்மவர் பதில் பேசவில்லை. பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அங்கேயே இன்னொரு மூன்றடித் தொட்டிக்குப் பணம் கட்டி, ஸ்டாண்டோடு ஆட்டோவில் ஏற்றினார். வில்லிவாக்கம் பக்கம் சிக்னல் விழுந்தது. முன்னால் லாரி, பின்னால் மாநகரப் பேருந்து, அசைய இடமில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பையைப் பார்த்துவிட்டு, பேச்சுத் துணைக்கு, “கப்பியா சார்?” என்றார்.

“1971-ல...” என்று ஆரம்பித்தார் நம்மவர்.