குளத்தில் விளையும் டீசல்

தண்ணீர் இல்லாத ஊர் என்று திண்டுக்கல்லுக்குப் பெண் கொடுக்கத் தயங்கிய காலம் ஒன்று உண்டு. இனி அந்தப் பேச்சு எடுபடாது. டீசலே விளையப்போகிற ஊருக்குத் தண்ணீர் எதற்கு? 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, மூலப்பொருள் பட்டியலில் பாசியையும் சேர்த்துவிட்டது.

பாசி வளர வெயில், கரியமில வாயு, நைட்ரஜன், பாஸ்பரஸ் வேண்டும். வெயில் மலைக்கோட்டைப் பாறை உபயம். தீனியை ஊர்க்காரர்கள் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். வீட்டுச் சாக்கடையைச் சுத்திகரித்து வீணாக்காமல் நேரே குளத்தில் விடும் பெருந்தன்மை யாருக்கு வரும்? பலன் கைமேல். சித்திரையில் குளத்துக்கு யாரோ பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டதாகத் தோன்றும். கரையோரம் காய்ந்த இடத்தில் நீலம் பூத்திருக்கும். விடியற்காலையில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். மூச்சுத் திணறி அல்ல, விளைச்சலைப் பார்வையிட என்று வைத்துக்கொள்வோம்.

குடகனாற்றை மறந்தால் நன்றிகெட்டவர்கள் ஆவோம். தோல் ஷாப்புகள் அதற்கு உப்பையும் குரோமியத்தையும் வாரி வழங்கின. அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்கு 1996இல் உச்ச நீதிமன்றம் ஆளுக்கு 10,000 ரூபாய் மாசு அபராதம் போட்டது. இழப்பீட்டுக் கணக்கு தனி. இருந்தாலும் பத்தாயிரம் ரூபாய்க்கு ஆற்றில் பங்கு வேறெங்கே கிடைக்கும்?

பாசியின் குணமும் மெச்சத்தக்கது. வயிறார உண்டால் கிடுகிடுவென வளரும், எண்ணெய் வைக்காது. நைட்ரஜனை நிறுத்திப் பட்டினி போட்டால் எண்ணெய் சேர்க்கும், வளராது. திறந்த தொட்டியில் லிட்டருக்கு அரை கிராம் தேறினாலே நல்ல விளைச்சல். அதாவது ஒரு கிலோ காய்ந்த பாசிக்கு 2,000 லிட்டர் தண்ணீரை வடிக்க வேண்டும். குடத்தோடு லாரிக்குக் காத்திருந்து பழகிய ஊருக்கு இந்தக் கணக்கு தித்திக்கும். வடித்து, உலர்த்தி, எண்ணெயைப் பிரிக்க ஆகும் மின்சாரம் போக மிச்சம் என்ன என்று கேட்பவர்கள் வளர்ச்சியின் விரோதிகள்.

அமெரிக்க அரசு பாசி டீசலை 1978 முதல் 1996 வரை ஆராய்ந்துவிட்டுக் கடையைக் கட்டியது. 2009இல் இறங்கிய அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில், 2025க்குள் நாளுக்கு 10,000 பீப்பாய் என்று சொல்லிவிட்டு அதற்கு முன்பே கைகழுவியது. பொறுமை போதாத தேசம். நம்மவர்கள் அப்படியா? காட்டாமணக்கை நட்டால் 2012க்குள் டீசலில் ஐந்தில் ஒரு பங்கு அதுதான் என்று 2003இல் திட்டக்குழு அறிக்கை சொன்னது. தமிழ்நாட்டில் நம்பி நட்ட பலர் பிடுங்கி எறிந்தார்கள். அறிக்கை மட்டும் வாடவே இல்லை.

தொட்டியில் வளர்த்தால் இதே பாசி கழிவுநீரைத் தெளியவைக்குமாம். சின்ன வேலை. கடைசியில் நல்ல தண்ணீர்தானே மிஞ்சும்? நமக்கு டீசல் போதும்.

அது வருகிறவரை மாட்டுக்கு மட்டும் அந்தக் குளத்தில் தண்ணீர் காட்டாதீர்கள். சாக்கடைக் குளத்தில் திரையாக மிதக்கும் பச்சை பல நேரம் எண்ணெய்ப் பாசி அல்ல, மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நச்சுப் பாசி. குடித்த மாட்டின் ஈரலைக் கெடுத்துவிடும்.