பராமரிப்பே தேவையில்லாத வேலி

திருவனந்தபுரத்து வலியசாலை அக்கிரகாரத்தின் பழைய வீடுகளுக்கு நடுவே வேலி கிடையாது. ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். இன்று டெக் என்று சொல்லப்படும் மரத்தளமும் இங்கே இல்லை, இருப்பது திண்ணை. கடலோ சங்குமுகத்தில், நாலைந்து கிலோமீட்டர் தள்ளி. கடலோர வீட்டின் வேலியைப் பற்றியும் தளத்தைப் பற்றியும் பேச இந்தத் தெருவுக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். சொத்தில் பங்கில்லாதவன்தான் பஞ்சாயத்துக்கு உட்கார வேண்டும் என்பது நம் மரபு. அந்தக் கணக்கில் எனக்கு முழுத் தகுதி உண்டு. மேலும், ஓய்வூதியப் பணத்தில் அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் மனை வாங்கும் ஆசை இந்தத் தெருவையும் விட்டுவைக்கவில்லை. மனை வாங்கியவர் அடுத்துத் தேடுவது, ஒரு முறை கட்டிவிட்டால் பிறகு திரும்பியே பார்க்க வேண்டாத வேலியை. கடைக்காரரும் தயங்காமல் அதைக் காட்டுகிறார். கடலோரத்தில் பராமரிப்பு வேண்டாத பொருள் என்று ஒன்று இல்லை. பராமரிக்க வழியில்லாத பொருளைத்தான் அந்தப் பெயரில் விற்கிறார்கள் என்பது என் கட்சி.

உப்பின் வேலை அப்படி. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றோடு கரையேறுகின்றன. கரையை ஒட்டிய முதல் சில நூறு மீட்டரில்தான் அவற்றின் ஆட்டம் அதிகம். உள்ளே வர வர மளமளவென்று குறையும், வலியசாலையின் நிம்மதிக்குக் காரணம் அதுதான். கடலுப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். மழையே பெய்யாத நாளிலும் கேட்டின் கம்பி கண்ணுக்குத் தெரியாமல் நனைந்தபடி நிற்கிறது. ஜிஐ பைப்பின் மேலுள்ள துத்தநாகம் இரும்புக்காகத் தன்னைத் தேய்த்துக்கொள்ளும் தியாகி. தியாகி தீர்ந்ததும் இரும்பின் முறை. ஸ்டெயின்லெஸ் என்றால் கறைபடாதது என்று நம்பி 304 ரகத்தில் கைப்பிடி போட்டால், சில மாதங்களிலேயே அதில் டீ சிந்தியதுபோலப் பழுப்பு படரும். அந்தத் தொழிலில் இருப்பவர்களே அதை டீக்கறை என்றுதான் சொல்கிறார்கள். 316 ரகத்தில் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்ப்பதால் அது கூடுதல் நாள் தாங்கும், ஆனால் அதையும் கழுவ வேண்டும். சரி, கான்கிரீட் தூண் நட்டுவிடலாம் என்றால், உப்பு மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கம்பி உள்ளிருந்தே தூணைப் பிளக்கும். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி பலகையைக் கரையான் தொடாது, மழை அழுகவைக்காது என்பதெல்லாம் பெரும்பாலும் உண்மைதான். பலகையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தையும், அழகுக்காக அடியில் ஒளித்து வைத்த கிளிப்பையும் பற்றி விளம்பரம் வாய் திறப்பதில்லை. ஆயுள் உத்தரவாதம் பலகைக்கு. அதன் மேல் நடப்பவருக்கு ஒன்றும் தரப்படவில்லை.

இதற்கு ஆதாரம் தேடி வெளிநாடு போக வேண்டாம். திருவனந்தபுரத்தின் மிகப் பெரிய டெக் வலியதுறையில் இருக்கிறது, அல்லது இருந்தது. கடலுக்குள் தூண் நட்டு மேலே தளம் போட்டால் அது டெக் இல்லாமல் வேறென்ன? பழைய இரும்புக் கடற்பாலத்தில் 1947-இல் ஒரு கப்பல் மோதியது. 1956-இல் புதியது கட்டினார்கள். கப்பல்கள் வருவது நின்றது. ஏற்றி இறக்கச் சரக்கு இல்லாத பாலத்தை அடிக்கடி குனிந்து பார்க்கும் அவசரம் யாருக்கும் இருக்கவில்லை. மாலை நேரத்தில் காற்று வாங்க வந்தவர்கள் பார்த்தது சூரியனை. 2021 மே மாதக் கடற்சீற்றத்தில் ஒரு பகுதி சாய்ந்தது, 2024 மார்ச்சில் பாலம் இரண்டாகப் பிரிந்தது. கடல் அரித்ததுதான் காரணம், பராமரிப்பு என்ன செய்துவிடும் என்று ஒருவர் கேட்கலாம். அவர் பாம்பன் வரை போய்வரட்டும். 1914-இல் திறந்த ரயில் பாலம் அது, தளம் முழுக்க இரும்பு, சுற்றிலும் உப்புக் காற்று. 1964 டிசம்பர்ப் புயல் அதன் கர்டர்களைக் கடலில் தள்ளியபோது, இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் தூக்கி நிறுத்தினார்கள். ரயில் ஓடியது 2022 டிசம்பர் வரை. நூற்றெட்டு ஆண்டு நின்றதற்குக் காரணம் இரும்பின் சாதி அல்ல, ஒரு முனையில் பெயின்ட் அடித்து முடித்தால் மறுமுனையில் ஆரம்பிக்க வேண்டியிருந்த ஏற்பாடு. ரயில் ஓடும் பாலத்தை யாராவது பார்த்தே ஆக வேண்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் உயர்ரகப் பெயின்டும் என்று சொன்னார்கள், நல்லதுதான். அது ஒரு நூற்றாண்டைக் கடந்த பிறகு இந்தக் கட்டுரையைத் திருத்தச் சம்மதம்.

உப்புத் தண்ணீரிலேயே பிழைப்பவர்கள் இதில் ஏமாந்ததில்லை. கேரளத்துக் கெட்டுவள்ளத்தில் ஆணி கிடையாது; அயினிப் பலகைகளைக் கயிற்றால் தைத்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார்கள். ஆணி அடிக்கத் தெரியாமலா? உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்னும், தேங்காய் நாரைத் தின்ன யோசிக்கும். நாரும் ஒருநாள் இளகும், அப்போது பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். பிரிக்க முடிகிற மூட்டுதான் அதன் நுட்பம். யாழ்ப்பாணத்து வேலியும் இதே குலம். கிளுவை, பூவரசு, முள்முருங்கை என்று கதியால் நட்டு, ஓலையைத் தண்ணீரில் ஊறப்போட்டு முடைந்த கிடுகை அதில் வரிந்து கட்டுவார்கள். கிடுகு ஒன்றிரண்டு வருஷத்தில் உக்கும். உக்கியது தோட்டத்துக்கு உரம். கதியாலோ வெட்ட வெட்டத் துளிர்க்கும். வெட்டிய தழை ஆட்டுக்கு. துருப்பிடித்த கேட்டை எந்த ஆடும் தின்றதில்லை. புயல் வந்தால் ஓலை பறக்கும், வேர்விட்ட கதியால் பெரும்பாலும் நிற்கும். காற்றுக்கு வழிவிடாத மதில், அடிமண் அரிக்கப்பட்டதும் முழு நீளத்துக்கும் சாய்கிறது. இந்த முறையில் ஒரு குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆண்டுதோறும் வேலி அடைக்கும்போது அது பக்கத்து வளவுக்குள் ஓரங்குலம் நகரும் வழக்கம் யாழ்ப்பாண நீதிமன்றங்களுக்கு நெடுங்காலம் வேலை கொடுத்தது. உப்பு அரிக்காத எல்லையை உறவினர் அரித்தார்கள். அந்த வகையில் எங்கள் பொதுச் சுவர் மேல்.

மரம் இங்கே நிலைக்காது என்பவர்களுக்குக் கிழக்கேகோட்டையில் பதில் இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பக்கத்தில் சுவாதித் திருநாள் கட்டிய குதிரை மாளிகையின் இறவாணத்தடியில் 122 மரக்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. அவர் மறைந்தது 1846-இல். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், இரண்டு பருவமழைக்கும் ஈடுகொடுத்து, அந்தக் குதிரைகள் இன்னும் காலைத் தூக்கியபடி இருக்கின்றன. தேக்கின் மகிமை பாதி என்றால், மீதி ஓட்டுக் கூரையினுடையது. சரிவான கூரை சுவரைத் தாண்டி நீண்டு, மழையை மரத்தின் மேல் விழாமல் தள்ளிவிடுகிறது. திண்ணைக்கும் அதே ஏற்பாடுதான். டெக் என்பதோ கூரை இல்லாத திண்ணை: மரத்தை எடுத்து, மழையும் வெயிலும் நேராகப் படும் இடமாகப் பார்த்துப் படுக்கப் போட்டு, பிறகு வார்னிஷ் உரிகிறதே என்று வருந்துவது. குளிர்நாட்டில் சூரியனைத் தேடுகிறவர்களுக்கு அதில் நியாயம் இருக்கலாம். மேட மாதத்து மத்தியானம் கோவளத்தில் அதன் மேல் வெறுங்காலோடு நிற்கச் சொல்லுங்கள், பரதநாட்டியம் தானாக வரும்.

கூரை போட்டுக் காக்கும் இந்தச் சட்டம் இரும்புக்குப் பொருந்தாது. மழை படாத இடத்தில்தான் உப்பு கழுவப்படாமல் தங்கும். கேட்டின் மேல்கம்பி நன்றாக இருக்க, அடிப்பக்கம் முதலில் துருவேறுவது அதனால்தான். மரத்துக்குக் குடை வேண்டும், இரும்புக்குக் குளியல் வேண்டும். நாமோ மரத்தை மழையில் விட்டுவிட்டு இரும்புக்கு மேல் தகரக் கூரை போடுகிறோம்.

எதிர்க்கட்சியின் வலுவான வாதம் ஆள் பற்றாக்குறை. ஓலை முடைய யார் இருக்கிறார்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையா வந்து கதியால் வெட்டுவான் என்கிறார்கள். உண்மை. ஆனால் ஆள் கிடைக்காத வீட்டில்தான் ஆளே தேவைப்படாத பொருளின் ஏமாற்று முழுதாக நடக்கிறது. மறைவாணியும் பற்றவைத்த மூட்டுமாகக் கட்டியது கெட்டால், ஒரு பலகையை மட்டும் மாற்ற வழியில்லை; முழுவதையும் பெயர்க்க ஒரு படையே வேண்டும். கண்ணுக்குத் தெரியும் போல்ட் போட்டால் அழகு குறையும். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த எவரும் மாற்றலாம். திருடன் வருவானே என்பது அடுத்த ஆட்சேபம். துருவால் கீல் இறுகி மூடவே வராத கேட் எந்தத் திருடனைத் தடுத்தது? அரசாங்கமே கருங்கல்லால் கடற்சுவர் கட்டுகிறதே, அது நிரந்தரமில்லையா என்பார்கள். அடியில் மணல் அரித்துக் கல் இறங்க இறங்க, மேலே மீண்டும் கல் அடுக்குகிறார்கள். அதுவும் ஓலை வேலிதான், ஓலைகளின் எடைதான் கூடுதல்.

எப்போது பராமரிப்பது என்பதில்தான் நம் ஊர் உண்மையாகவே சறுக்குகிறது. ஓணம் வருகிறது என்று கர்க்கடக, சிங்க மாதங்களில் சாலைக் கம்போளத்துக்குப் போய் ரெட் ஆக்சைடும் எனாமலும் வாங்கி, ஈரம் காயாத கம்பியில், கழுவாத உப்பின் மேலேயே அடிக்கிறோம். பெயின்டின் அடியில் மாட்டிய உப்பு அங்கேயும் ஈரத்தை இழுக்கும்; கொப்புளம் வரும். துலாமழை ஓய்ந்து, இடவப்பாதி மழை தொடங்குவதற்குள் இருக்கும் மாதங்களே சரியான பருவம். அதற்குள் பண்டிகை இல்லையே என்றால், கும்ப மாதத்தில் ஆற்றுகால் பொங்காலை இருக்கிறது. அன்றைக்குத் தெருத்தெருவாக அடுப்பு மூட்டுவதில் புது பெயின்ட் எல்லாம் கரியாகிவிடும் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஆகட்டும். கரியைப் போக்க மறுநாள் வாளியும் ஹோசுமாக வேலியை நல்ல தண்ணீரில் கழுவுவார்கள் அல்லவா? உப்பும் அதோடு போய்விடும்.