அடுப்புக்குக் கரண்டு வேணுமாம்ல!

வா அப்பு, இங்ன குந்து. ஜெர்மனியிலேருந்து உன் அண்ணன் போன்ல அடுப்பு காட்டுனான். நீயும் அதே மாதிரி வேணும்னு குதிக்கிறியாமே?

நானும் பாத்தேன். உள்ள வெறகக் காணோம். மரத்தூளை அமுக்கி, மாட்டுத் தீவனம் கணக்கா 6 மில்லிமீட்டர் குச்சியா நறுக்கிக் கெடக்கு. பெல்லட்டாம். அதை அள்ளிப் போட ஒரு மோட்டாரு. ஊதாங்குழலுக்குப் பதிலா ஒரு ஃபேன். அடுப்புக்கு வேலைக்காரங்க ரெண்டு பேரு!

பக்கத்துல ஆளுயரத் தொட்டி, 500 லிட்டரு. பஃபர் டேங்க்காம். அடுப்புல காயுற தண்ணி அதுல போய் நின்னு, அங்கேருந்து வீட்டைச் சூடாக்க, செவத்துல மாட்டுன ரேடியேட்டருக்குப் போவுதாம். எதுக்குடா தொட்டின்னேன். "அடிக்கடி பத்தவச்சு அணைச்சா கரியும் புகையுந்தான் ஐயா. ஒரே மூச்சா எரியவிட்டு, சூட்டைச் சேத்து வச்சுக்கணும்"ங்கிறான். அடேய், நெல்லு அவிக்கயில உங்க அப்பத்தா வேற என்னத்தச் சொன்னா?

திருமயம் பக்கம் செட்டியார் வீட்டுச் செம்பு பாய்லர் பாத்திருக்கியா? நடுக்குழாயில கரி கனியும். சுத்தித் தண்ணி நிக்கும். அடுப்பும் தொட்டியும் ஒரே ஒடம்பு. அதை ஓட்ட யாரும் போன்ல 'ஆப்' எறக்கல.

ஒரு சேதி மட்டும் அவன் சொன்னது நெசம். வீட்டைச் சுத்தி ஆறிப்போன தண்ணிய நேரா அடுப்புக்குள்ள விட்டா, புகையில இருக்க ஈரம் இரும்பு மேல வேர்த்து, துருப் பிடிச்சுத் தின்னுரும். கொஞ்சம் சுடுதண்ணியக் கலந்து, 55, 60 டிகிரிக்கு ஏத்தித்தான் விடணும். அதுக்கு ஒரு வால்வு இருக்காம். அதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதேன்னுட்டேன். 500 லிட்டர 40 டிகிரி ஏத்த அஞ்சாறு கிலோ பெல்லட்டு போதுமாம். பனியில வெறைச்சுக் கெடக்குறவனுக்கு அது வேணும். வாங்கட்டும்.

உனக்கு எதுக்குடா? சித்திரை மத்தியானம் நம்ம மாடித் தொட்டிக் கொழாயத் தொறந்து காலக் காட்டு. வெந்துரும். பத்தவைக்காமலே காயுற தொட்டிய வச்சுக்கிட்டு அடுப்பு தேடுறான்யா இவன்!

இன்னொண்ணு கேளு. கரண்டு போனா அந்த மோட்டாரும் ஃபேனும் என்ன பண்ணும்? 2018 நவம்பர் 16, கஜா புயல் அடிச்சுச்சே, மறந்துட்டியா? எத்தனை ஊரு வாரக்கணக்கா இருட்டுல கெடந்துச்சு? விழுந்த பலாக்கெளைய ஒடிச்சு மூணு கல்லு கூட்டித்தான் ஒலை வச்சோம். அந்தக் கல்லு கரண்டு கேட்டுச்சா?

கேட்டா இன்வர்ட்டர் வாங்கலாம்பே. அதுக்குப் பேட்டரி. பேட்டரிக்கு ஒரு ரூமு. நீ சுடுதண்ணி வைக்கப் போறியா, மில்லு வைக்கப் போறியா?

மார்கழிக் குளிருக்கு ரெண்டு வாளி சுடுதண்ணி, அம்புட்டுதானே? கொல்லையில கருவேல வெறகு காஞ்சு கெடக்கு. பரண்ல அண்டா இருக்கு, எறக்கு. பாத்து, உள்ள பல்லி இருக்கும்.