முதல் நாளே விரல் போகும் அதிசயம்

ஹரியானாவின் மானேசர், ஃபரிதாபாத் பக்கத்து வாகன உதிரிபாகப் பட்டறைகளில் ஓர் அதிசயம் நடக்கிறது. தகடு அழுத்தும் பவர் பிரஸ்ஸில் விரல் துண்டாகிறவர் அன்று காலையில்தான் வேலைக்குச் சேர்ந்திருப்பார். இஎஸ்ஐ எனும் தொழிலாளர் காப்பீட்டுப் பதிவு அப்படித்தான் சொல்லும். வருடக்கணக்காக அதே மிஷின்முன் நின்றவர், ரத்தம் சொட்டச் சொட்ட ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் புது ஆள் ஆகிவிடுகிறார். தொழிலாளர் பாதுகாப்புக்காக இயங்கும் சேஃப் இன் இந்தியா அமைப்பு 2019 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகளைப் புரட்டுங்கள்: அடிபட்டவர்களில் பெரும்பாலோருக்கு இஎஸ்ஐ அட்டை வந்ததே விரல் போன பிறகுதான்.

பிரஸ்ஸில் சென்சார் இருந்தால், கை உள்ளே இருக்கும்போது அது இறங்காது. ஆனால் சென்சார் உற்பத்தியைக் குறைக்குமாம்! ஒருமுறை மிதித்தால் இரண்டுமுறை இறங்குகிறது என்று ஆபரேட்டர் போய்ச் சொன்னால், "பார்த்து ஓட்டு" என்பார் சூப்பர்வைசர். பராமரிப்பு முடிந்தது. கேட்டில் மட்டும் 'பாதுகாப்பே முதன்மை' பலகை பளபளக்கும்.

சட்டமும் லேசுப்பட்டதல்ல. உயிர் போகாத காயமென்றால், 48 மணி நேரம் வேலை செய்ய முடியாமல் போனால்தான் அரசுக்கு அறிவிக்க வேண்டும். எனவே கட்டுப்போட்ட கையோடு கூட்டிவந்து ஸ்டோர் ரூமில் உட்கார வை. காயம் ஆறாது; விபத்து ஆறிவிடும்.

நோயை மறைக்க இந்தப் பாடும் வேண்டாம். சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸைக் கண்ட மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுதியாக வேண்டும் என்றது 1948 தொழிற்சாலைச் சட்டம். தவறினால் அபராதம், அதிகபட்சம் 1,000 ரூபாய் என்றும் அது சொன்னது. சீட்டில் டிபி என்று எழுதிவிட்டால் அதுவும் மிச்சம். டிபி என்றால் குற்றவாளி கிருமி. கிருமிமேல் யார் கேஸ் போடுவது? உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 30 லட்சம் பேரை வேலை கொல்கிறது, அதில் 26 லட்சம் பேர் நோயால் சாகிறார்கள் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீடு. நம் ரிஜிஸ்டரில் எல்லார் நுரையீரலும் சௌக்கியம்.

போதாக்குறைக்கு 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. மின்சாரத்தில் ஓடுமிடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்ததை 20 ஆக்கினார்கள். விரல் விழுங்கும் குட்டிப் பட்டறைகள் ஒரே வரியில் தொழிற்சாலையே இல்லாமல் போயின.

ஐயா அதிகாரிகளே, புதிதாகக் கமிட்டி எதுவும் போட வேண்டாம். இஎஸ்ஐ பதிவுத் தேதியும் விபத்துத் தேதியும் உங்கள் கம்ப்யூட்டரில்தான் கிடக்கின்றன. இரண்டும் ஒரே நாளாக இருக்கிற கம்பெனிகளின் பட்டியலை வெளியிடுங்கள். அவர்களிடம் சரக்கெடுக்கும் பெரிய கார் கம்பெனிகளின் பெயரையும் பக்கத்திலேயே போடுங்கள்.